ஜும்மா முடிகிற நேரம்

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு மேல் எங்கள் தெருவில் ஓர் ஆண்பிள்ளையைப் பார்க்க முடியாது. கறம்பக்குடிக் கடைத்தெருவில் எங்கள் ஆட்களின் கடைகளெல்லாம் ஷட்டரைப் பாதி இறக்கியிருக்கும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பயான் ஓடும். தொழுகைக்கு முன்னால் தமிழில் நடக்கும் அந்தப் பேச்சு லேசில் முடியாது. அதற்குப் பிறகு அரபியில் குத்பா உரை, தொழுகை, துஆ கேட்பது, வாசலில் நின்று நாலு பேருக்கு சலாம் சொல்லி நலம் விசாரிப்பது என்று ஆண்கள் வீடு வந்து சேர இரண்டு மணியாகிவிடும். அதுவரை பெண்கள் சமைத்து மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகையான ஜும்மாவை நான் இப்படி வீட்டுக்குள் இருந்து காதால் அறிந்தவள். எவ்வளவு நேரம் நடக்கிறது என்பதை ஒலிபெருக்கி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

சமைத்து மூடி வைத்துக் காத்திருக்க எனக்கு ஆள் கிடையாது. என் வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். கல்யாணமாகிப் பதினாறு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருவார். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தது முழுசாக ஒரு வருஷம்கூடத் தேறாது. பிள்ளை இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, கேட்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் ஆளை எங்கள் பக்கம் சபுராளி என்பார்கள். சபுராளி பெண்டாட்டிக்குத் தனிமை பழகிப்போகும் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாக வரும். பழகாது. பழகின மாதிரி நடந்துகொள்ள வேண்டுமானால் கற்றுக்கொள்ளலாம்.

நான் வீட்டிலிருந்தே பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். கொரோனா வரைக்கும் அதன் சென்னை ஆபீஸுக்குப் போய்க்கொண்டு ஹாஸ்டலில் இருந்தேன். அப்போது எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு மற்றவர்கள் திரும்பிப் போனார்கள், நான் போகவில்லை. மாமியார் படுக்கையில் இருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே வேலை பார்த்தேன். அவர் மவுத்தான பிறகு வீட்டில் நானும் இரண்டு மானிட்டரும்தான். ஹாலில் ஜன்னலோரமாக மேசை போட்டிருக்கிறேன். மீட்டிங்கில் யாரும் கேமராவைத் திறப்பதில்லை, நானும் திறப்பதில்லை. கூட வேலை பார்க்கும் பாதிப் பேருக்கு என் முகம் தெரியாது. பாங்கு சொல்லும்போது மைக்கை அணைத்துவிடுவேன். அணைக்க மறந்த ஒரு நாள் ஒருவர், “உங்க வீட்டுப் பக்கத்துல பள்ளிவாசலா?” என்று கேட்டார். வேலை தவிர அந்த மாதம் முழுக்க என்னிடம் ஒருவர் கேட்ட கேள்வி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நான் “ஆமா” என்றேன், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எங்கள் கம்பெனி நடத்துவது, வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்குப் பேசுவதற்கான ஆப். ஒருவர் பேசும்போது அந்தக் குரலை வாங்கி மறுபக்கம் அனுப்ப எங்கேயாவது ஒரு சின்னப் புரோகிராம் ஓட வேண்டும். அதை ஒரு பெட்டிக்குள் அடைத்த மாதிரி வைத்திருப்போம். கண்டெய்னர் என்று பெயர். ஒரு பெட்டி ஐம்பது, அறுபது பேச்சைத் தாங்கும். கூட்டம் கூடினால் புதுப் பெட்டிகள் பிறக்கும், குறைந்தால் மறையும். எங்களிடம் இருக்கும் மெஷின்களில் எந்தப் பெட்டியை எதில் வைப்பது, எதில் வைக்கக் கூடாது, ஒரு மெஷினை மூடினால் அதில் இருந்தவற்றை எங்கே மாற்றுவது என்பதையெல்லாம் ஷெட்யூலர் என்ற ஒன்று தானாக முடிவு செய்யும். அது எப்படி முடிவு செய்ய வேண்டும் என்று விதி எழுதுவது என் வேலை.

ஊரில் யாருக்கும் இது புரியாது. என் வீட்டுக்காரருக்கு மட்டும் புரிந்தது. அவர் குவைத்தில் ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். ஒருதரம் போனில் நான் மூச்சு வாங்க விளக்கிக்கொண்டிருந்தேன், அவர் பாதியில் நிறுத்தினார்.

“இது நம்ம வேலதான் புள்ள. சோப்புப் பெட்டியவும் தேயிலப் பெட்டியவும் ஒரே ராக்குல வைக்க மாட்டோம், வாசம் ஏறிரும். கோழி பூராத்தையும் ஒரே ரூம்ல அடுக்க மாட்டோம், கம்ப்ரஸர் நின்னு போச்சுன்னா அம்புட்டும் போயிரும். அதத்தான நீ கம்ப்யூட்டர்ல சொல்ற?”

அதேதான். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதைப் படம் போட்டு ஒரு மணி நேரம் விளக்கியிருக்கிறேன். அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். அன்றைக்கு முழுக்க எனக்கு அவர் மேல் அவ்வளவு ஆசையாக இருந்தது. அதைச் சொல்வதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

எங்கள் ஆப்பில்தான் என்னோடு பேச வேண்டும் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். நான் வேலை பார்க்கிற இடத்தை விட்டுவிட்டு வேறு எதிலாவது பேசினால் எனக்கு என்ன மரியாதை? எங்கள் தெருவில் இன்னும் பத்துப் பன்னிரண்டு சபுராளி வீடு உண்டு. அந்தப் பெண்கள் போனிலெல்லாம் ஆப்பை ஏற்றிக் கொடுத்ததும் நான்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஜனவரியில், அவருடைய ஒப்பந்தம் முடிகிற நேரம் வந்தது. ஒரு திங்கட்கிழமை கூப்பிட்டுச் சொன்னார்.

“இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேக்குறாங்க. இல்லன்னா முடிச்சுக்கிட்டு ஊருக்கே வந்துரலாம். ஞாயித்துக்கெழம பேப்பரக் குடுக்கணும். வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சு நிதானமாப் பேசுவோம். பேசிட்டு முடிவு பண்ணுவோம், சரியா?”

“சரிங்க மச்சான்,” என்றேன்.

போனை வைத்ததுமே நான் முடிவு செய்துவிட்டேன். வந்துவிடுங்கள் என்று சொல்லப் போகிறேன். பதினாலு வருஷத்தில் ஒருதரம்கூட அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. முதலில் அவருடைய தங்கச்சிமார் கல்யாணம் இருந்தது. பிறகு வீடு கட்டுகிற வேலை, பிறகு மாமியார் வைத்தியம். இப்போது தடை சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. என் சம்பளத்திலேயே இரண்டு பேர் நன்றாக இருக்கலாம். எனக்கு வேண்டியதெல்லாம் சாயங்காலம் ஒரு டம்ளர் டீயை எதிரே உட்கார்ந்து குடிக்க ஒரு ஆள். அந்த ஆள் அவராக இருக்க வேண்டும். அந்த வாரம் பாத்திரம் துலக்கும்போது வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன். “வந்துருங்க மச்சான்.” கெஞ்சுகிற மாதிரி இருந்தது. “பேசாம வந்து சேருங்க.” அதட்டுகிற மாதிரி இருந்தது. எப்படியும் வெள்ளிக்கிழமைக்குள் சரியாக வந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

அதே வெள்ளிக்கிழமைதான் மெஷின்களைப் புதுப்பிக்கும் வேலையும் வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்தது என்று சொல்லக் கூடாது, நான்தான் கொண்டுவந்து சேர்த்தேன்.

சில மாதங்களுக்கு ஒருமுறை மெஷின்களையெல்லாம் புதுப்பிக்க வேண்டும். அதற்கு அவற்றைக் காலி செய்ய வேண்டும். காலி செய்வதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில், இந்த மெஷினில் இனிப் புதிதாக எதையும் வைக்காதே என்று ஷெட்யூலருக்குச் சொல்ல வேண்டும். அதில் ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவர்கள் தாமாகப் பேசி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். பாதியில் வெட்டக் கூடாது. எங்கள் ஜனங்கள் சீக்கிரத்தில் பேசி முடிக்கிற ஜனங்களா? ஒன்றுமில்லாத விஷயத்தை முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, வைக்கப் போகும்போது “வேற என்ன?” என்று மறுபடி ஆரம்பிப்பார்கள். அதனால் பேச்சு குறைவாக இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் இதைச் செய்ய முடியும்.

எந்த நேரம் வைக்கலாம் என்று எங்கள் குழுத் தலைவர் மீட்டிங்கில் கேட்டார். சென்னைக்காரர், என்னைவிட ஏழு வயது இளையவர், மரியாதையான பிள்ளை. நான் உடனே சொன்னேன்.

“வெள்ளிக்கிழமை மதியம் ரெண்டேகால்ல இருந்து மூணேமுக்கால் வரைக்கும்.”

“பகல்லயா? எப்படிங்க?”

“அங்க நம்மளவிட ரெண்டரை மணி நேரம் பிந்தி. அப்ப அங்க ஜும்மா நேரம். குவைத், சவூதின்னு எல்லா ஆம்பளைங்களும் பள்ளிவாசல்ல இருப்பாங்க. ஒருத்தரும் போனத் தொட மாட்டாங்க.”

அவர் அந்த வாரத்து அழைப்புகளின் வரைபடத்தைத் திறந்து பார்த்தார். ஏறி இறங்கிப் போகும் கோட்டில் வெள்ளி மதியம் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. “அட ஆமாங்க. இத்தன நாளா இது எங்க யாருக்கும் தோணலையே,” என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. முழு வாரமும் ஒரே திரையில் தெரியும் படம் அது, அந்தப் பள்ளம் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. பெரிதாக்கி, எத்தனை மணிக்கு இறங்குகிறது, எத்தனை மணிக்கு ஏறுகிறது என்று பார்த்திருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்துப் பிள்ளைகூட அதைப் பார்க்கும். நான் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாத ஜும்மாவா என்ற திமிர். எங்கள் ஊரில் பயான் தொடங்கி ஆண்கள் வீடு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும், ஆகவே அங்கேயும் ஒன்றரை மணி நேரம்.

இன்னொரு கணக்கும் மனசில் இருந்தது. அவர் வழக்கமாக வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு, சாப்பிட்டு, கொஞ்சம் தூங்கி எழுந்து எனக்குக் கூப்பிடும்போது இங்கே நாலரை மணியாகும். மூன்றேமுக்காலுக்கு என் வேலை முடியும். முகம் கழுவி, டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அவர் கூப்பிடுவார். எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் அடுக்கியாயிற்று என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை சரியாக இரண்டேகாலுக்கு ஆரம்பித்தேன். கோடு இறங்கியது. நான் சொன்னபடியே இறங்கியது. மெஷின்களில் பாதியை மூடினேன். பேச்சுகள் ஒவ்வொன்றாக முடிந்து பெட்டிகள் காலியாவதைப் பார்த்துக்கொண்டே தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கோடு ஏறத் தொடங்கியது. முதலில் நான் நம்பவில்லை. படத்தைப் புதுப்பித்துப் பார்த்தேன். கோடு நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

குவைத்தில் பயான் கிடையாது என்பது எனக்குத் தெரியாது. பாங்கு சொன்னதும் குத்பா, குத்பா முடிந்ததும் தொழுகை, அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். முடிந்ததும் செருப்பைத் தேடி மாட்டுவதற்கு முன்னாலேயே போனை எடுத்து ஊருக்குக் கூப்பிடுவார்கள். வாரம் முழுக்கக் காத்திருந்து கூப்பிடுகிறவர்கள். பதினாலு வருஷமாக ஒரு மனுஷர் அங்கே தொழுதுகொண்டிருக்கிறார், அங்கே ஜும்மா எவ்வளவு நேரம் நடக்கும் என்று நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேல் ஆத்திரமாக வருகிறது.

கூட்டத்தைத் தாங்கப் புதுப் பெட்டிகள் பிறந்தன. வைக்க மெஷின் இல்லை. சொல்லப்போனால் இருந்தது. மூடாமல் விட்டிருந்த மெஷின்களில் இடம் காலியாகவே கிடந்தது. ஆனால் இந்த வகைப் பெட்டி ஒரே மெஷினில் இரண்டு இருக்கக் கூடாது என்று நான் விதி எழுதியிருந்தேன், ஒரு மெஷின் விழுந்தால் எல்லாம் சேர்ந்து போய்விடக் கூடாதே என்று. அதை ‘முடிந்தவரை வேண்டாம்’ என்று தளர்வாகவும் எழுதலாம், ‘கூடவே கூடாது’ என்று இறுக்கியும் எழுதலாம். நான் இறுக்கி எழுதியிருந்தேன். என் சுபாவம் அப்படி. ஷெட்யூலர் என் சொல்லைத் தட்டவில்லை. காலி இடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திரை முழுக்கப் பெண்டிங், பெண்டிங் என்று வரிசையாகக் காட்டிக்கொண்டே போனது. வைக்க இடம் கிடைக்காமல் நிற்கிறது என்று அதற்கு அர்த்தம். அங்கே போனைக் காதில் வைத்திருந்தவர்களுக்கு மணியடிக்கிற சத்தம்கூடக் கேட்டிருக்காது.

விதியைத் தளர்த்தினேன், மூடிய மெஷின்களைத் திறந்தேன். எல்லாம் சீராக முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் எங்கள் குழு முழுக்க ஒரே லைனில் கூடிவிட்டது. என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நாலரை ஆனது. என் போன் அடிக்கவில்லை. ஐந்து ஆனது. முதலில் அவர் மேல்தான் கோபம் வந்தது, இன்றைக்குப் பார்த்தா இப்படித் தூங்குவார் என்று. அப்புறம்தான், மூன்று மணிக்கு லைன் கிடைக்காமல் நின்றவர்களில் அவரும் ஒருவரோ என்று தோன்றியது.

தெரிந்த ஒருவருடைய எண்ணைப் போட்டு அவர் எப்போது யாரைக் கூப்பிட்டார் என்று தேடுவது எங்கள் வேலையில் கூடாத காரியம். தேடினேன். மூன்று மணி இரண்டு நிமிஷம், மூன்று ஐந்து, மூன்று பதினொன்று என்று மூன்று தரம் கூப்பிட்டிருந்தார். மூன்றுமே என் எண்ணுக்கு. ஒவ்வொன்றும் முக்கால் நிமிஷம் காத்து நின்று அறுந்திருந்தது. அன்றைக்கு என்று பார்த்து, தொழுகை முடிந்த கையோடு, சாப்பிடக்கூடப் போகாமல் எனக்குத்தான் முதலில் கூப்பிட்டிருக்கிறார். பேசிவிட்டு முடிவு பண்ணுவோம் என்றவர், பேச முடியாமல் பள்ளிவாசல் வெயிலில் நின்றிருக்கிறார். நிற்க வைத்தது நான். குழு லைனில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்குக் கூப்பிட்டேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அன்றிரவு நான் படுக்கும் வரைக்கும் அணைந்தே இருந்தது.

சனிக்கிழமை காலை வாட்ஸப்பில் அவர் குரல் வந்தது.

“நேத்து லைனே கெடைக்கல. பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டேன் புள்ள. ரெண்டு வருஷந்தான, ஓடிரும். நீ ஒண்ணும் மனசப் போட்டுக் கொழப்பிக்காத.”

வாட்ஸப் இருக்கிறதே, நேற்றே இதில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியதை அப்போதே அமுக்கிவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது என்று வைத்துக்கொள்வது அதைவிட லேசாக இருந்தது.

எதிர்வீட்டு லாத்தா அன்றைக்கு மத்தியானம் வாசலில் நின்று வம்புக்கு இழுத்தார். அக்காவை நாங்கள் லாத்தா என்போம். அவர் வீட்டுக்காரர் சவூதியில் டிரைவர்.

“நேத்து எங்க ஆளு லைனுக்கு அல்லாடிட்டாராம். ஒங்க கம்பெனிக்கு என்னம்மா வந்துச்சு? தெருவுல இம்புட்டுப் பெரிய இன்ஜினீயர வச்சுக்கிட்டு நாங்க என்னத்தக் கண்டோம்?”

“மெஷின் பழுது லாத்தா, சரி பண்ணியாச்சு,” என்று சிரித்தேன். அவர் வீட்டுக்காரர் சாயங்காலம் மறுபடி கூப்பிட்டுப் பேசிவிட்டாராம். மற்ற வீடுகளிலும் அப்படித்தான். அந்த ஒரு மணி நேரம் போனது எல்லோருக்கும் ஒரு மணி நேரத்தோடு போனது.

கம்பெனியில் நடந்ததை எழுதித் தரச் சொன்னார்கள். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தவறு நடந்தால் அறிக்கையில் யார் பெயரும் இருக்காது, யாரையும் குறை சொல்லக் கூடாது. முறையில் எங்கே ஓட்டை என்று மட்டும்தான் பார்க்க வேண்டும். நல்ல வழக்கம்தான், நானே மற்றவர்களுக்கு அதை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். நான் எழுதினேன்: ‘குவைத்தில் ஜும்மா எவ்வளவு நேரம் நடக்கும் என்பது எனக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்தேன்.’ குழுத் தலைவர் அதை எடுத்துவிட்டு, அழைப்புகள் கூடும் நேரம் பற்றிய தகவல் போதவில்லை என்று மாற்றினார். “உங்க மேல தப்பே இல்லைங்க, யாருக்கும் நடக்கலாம்,” என்றார். எனக்கு யாராவது நன்றாக நாலு வார்த்தை திட்டினால் தேவலை போல இருந்தது. திட்ட ஒருவரும் இல்லை. மாமியார் இருந்திருந்தால் திட்டியிருப்பார்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல், அவர் கூப்பிடும்போதெல்லாம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பேன். சாப்பிட்டீங்களா, அங்கே குளிரா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். ஒரு மனுஷரின் இரண்டு வருஷத்தைத் தின்றுவிட்டேன் என்பதை எப்படிப் போனில் சொல்வது? சாயங்காலம் டீ போடும்போது, இந்நேரம் அவர் இங்கே இருந்திருப்பார் என்று நினைப்பு வரும். டம்ளரோடு மறுபடி மானிட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். அந்த வருஷத்தைப் போல ஒரு வருஷம் எனக்கு இன்னொன்று வேண்டாம்.

அவருக்கு அடுத்த வருஷம் மே மாதம் லீவு கிடைத்தது. திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கார் எடுத்துக்கொண்டு போய்க் கூட்டிவந்தேன். புதுக்கோட்டை தாண்டித் திருவரங்குளம் வரை தூங்கிக்கொண்டே வந்தவர், ஆலங்குடியில் கண்ணைத் திறந்து, “இங்கிட்டு ஒரு டீயக் குடிப்போமா?” என்றார். குடித்தோம். அப்போது சொல்லியிருக்கலாம். வந்த அன்றைக்கே எதற்கு என்று விட்டுவிட்டேன். எனக்கு லீவு போடத் தோதுப்படவில்லை, அந்த மாதம் வேலை நெருக்கிக்கொண்டிருந்தது. நான் மீட்டிங்கில் இருக்கும்போது அவர் சத்தம் காட்டாமல் நடந்துகொண்டார். டிவி போட்டால் சத்தமே இல்லாமல் படத்தை மட்டும் பார்ப்பார். இப்படி ஒரு நல்ல மனுஷனுக்கு நான் செய்துவிட்டேனே என்று இன்னும் குறுகிப்போனேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். கறியை எடுத்து வைத்தேன். அவராகத்தான் ஆரம்பித்தார்.

“நம்ம ஊர்ல பயான் கொறைய மாட்டேங்குதே. அங்கயெல்லாம் அரை மணி நேரத்துல முடிச்சு அனுப்பிருவாங்க.”

“தெரியும்,” என்றேன். அதற்கு மேல் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நேரத்தைத் தேர்ந்தெடுத்தது நான், மெஷினை மூடியது நான், விதியை இறுக்கி எழுதியது நான், அவர் மூன்று தரம் கூப்பிட்டதைத் திருட்டுத்தனமாகத் தேடிப் பார்த்தது நான். “என்னாலதான் மச்சான் ஒங்களுக்கு ரெண்டு வருஷம் போச்சு. நான் வந்துருங்கன்னு சொல்லணும்னு இருந்தேன்,” என்றேன். சொல்லும்போதே மூக்கு ஒழுகியது.

அவர் கை சோற்றில் அப்படியே நின்றது. தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“நான் வியாழக்கெழமயே கையெழுத்துப் போட்டுட்டேன் புள்ள.”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. “பேசிட்டு முடிவு பண்ணுவோம்னு சொன்னீங்க,” என்றேன்.

“சொன்னேன்.”

“அப்ப எதுக்கு மூணு தரம் கூப்புட்டீங்க?”

“ஒன்கிட்டச் சொல்லணும்ல. தொழுதுட்டு வந்த வேகத்துலயே சொல்லிரணும்னு கூப்புட்டேன். ரெண்டு தரம் கெடைக்கல. மூணாவது தரமும் கெடைக்கலன்னதும்,” என்று நிறுத்தினார். “அல்ஹம்துலில்லாஹ், நல்லதாப் போச்சுன்னு இருந்துச்சு. போன அணச்சுப் போட்டுட்டுச் சாப்புடப் போயிட்டேன்.”

அழுகை நின்றுவிட்டது. ஒரு வருஷமாக நான் தூக்கிச் சுமந்தது எதை என்று நினைத்தபோது அவரை அடிக்கலாம் போல இருந்தது.

“ஏன் மச்சான்? நான் அப்புடி என்ன பண்ணுனேன்?”

“நீ ஒண்ணும் பண்ணல.” அவர் நிமிர்ந்து ஹாலைப் பார்த்தார். என் மேசை, இரண்டு மானிட்டர், சுவரோரம் போகும் வயர்கள். “வந்தா நான் எங்கிட்டு உக்கார்றது, சொல்லு. ஹால்ல நீ இருக்க. ரூமுக்குப் போனா நெட்டுப் பெட்டி அங்க இருக்குன்னு அதுக்கு வந்து வந்து போற. அடுப்படில ஒரு பாத்திரம் விழுந்தா அங்கேருந்து திரும்பிப் பாக்குற. போன லீவுல ஒரு நாளு காலைல இருந்து நாற்காலியத் தூக்கிக்கிட்டு நாலு எடம் மாறுனேன். நீ பாக்கவே இல்ல. கொற சொல்லல, நீ ஒன் வேலையப் பாக்குற. அங்க ரூமுக்கு ஆறு பேருதான். ஆனா எனக்குன்னு ஒரு கட்டில் கெடக்கு. நான் எந்திரிச்சு உக்காந்தா யாருக்கும் எடஞ்சல் இல்ல.”

போன லீவு நாற்பது நாளையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நாற்காலியோடு அவர் நின்ற ஒரு காட்சிகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. அந்த லீவில் நான் எழுதி முடித்த வேலைகள் மட்டும் வரிசையாக ஞாபகம் வந்தன. எனக்கு அவமானமாக இருந்தது.

“வந்துருங்க மச்சான்,” என்றேன். பதினைந்து வருஷத்தில் அன்றைக்குத்தான் அதை அவர் காது கேட்கச் சொன்னேன்.

“வாரேன். இது முடியட்டும்,” என்றார். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“இப்ப ஒனக்கு மீட்டிங் இருக்கா?”

“மூணு மணிக்கு.”

“அப்ப நான் கடைத்தெருப் பக்கம் போயிட்டு வாரேன்.”

வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் கடைத்தெருவில் பாதிக் கடை திறந்திருக்காது. அது அவருக்கும் தெரியும். வாசலில் குனிந்து செருப்பை மாட்டினார். போகாதீர்கள், இங்கேயே இருங்கள் என்று சொல்லியிருக்கலாம். இன்றைக்கு என்னால் முடியாது என்று குழுவுக்கு ஒரு வரி தட்டிவிட்டால் போதும், ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். மூன்று மணிக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. நான் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன்.